ஒரே லெவல், வேறு வேறு அடி

அன்புள்ள ஐயா,

நானும் தங்கையும் ஆளுக்கொரு பழைய கேம்பாய் அட்வான்ஸில் போக்கிமான் ஃபயர்ரெட் ஆடுகிறோம். இருவரிடமும் லெவல் 50 சாரிசார்ட் என்னும் நெருப்புப் போக்கிமான் இருக்கிறது. ஒரே எதிரி மீது ஒரே ஃப்ளேம்த்ரோவர் என்னும் நெருப்புத் தாக்குதலை வீசினாலும் அவளுடைய அடியில்தான் எதிரியின் உயிர்க்கோடு அதிகம் குறைகிறது. என் அடியோ ஒவ்வொரு முறையும் மாறுகிறது. ஆட்டம் ஏமாற்றுகிறதா?

பிரபு, கடலூர் முதுநகர்

அன்புள்ள பிரபு,

ஏமாற்றவில்லை, கணக்கைக் காட்டாமல் மறைக்கிறது. எதிரியின் உயிர்க்கோட்டை மட்டும் காட்டி எண்ணைத் தராததால் ஐயம் இன்னும் வலுக்கிறது.

லெவல் 50க்கு உரிய 22ஐ ஃப்ளேம்த்ரோவரின் வலிமையான 95ஆலும் உங்கள் சிறப்புத் தாக்குதலாலும் பெருக்கி, எதிரியின் சிறப்புத் தற்காப்பாலும் 50ஆலும் வகுத்து, 2ஐக் கூட்ட வேண்டும். நெருப்பு வகை நெருப்பையே வீசுவதால் அது ஒன்றரை மடங்காகும். கடைசியில் 85 முதல் 100 சதவீதம் வரை ஏதோ ஒரு பங்கை ஆட்டம் தானே எடுத்துக்கொள்கிறது. வழியில் வரும் பின்னங்களெல்லாம் உதிர்ந்துவிடும். உங்கள் சிறப்புத் தாக்குதல் 114, எதிரியின் சிறப்புத் தற்காப்பு 100 என்றால் சேதம் 62க்கும் 73க்கும் இடையில் எங்கும் விழலாம். இங்கே புதுச்சேரியில் ஆடும் பிள்ளைகள் இதை 'லக்' என்று முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான்.

மீதிப் பாதி உங்கள் தங்கையிடம் இருக்கிறது. ஒவ்வொரு போக்கிமானுக்கும் பிறக்கும்போதே ஒவ்வொரு திறனிலும் 0 முதல் 31 வரை ஓர் எண் ஒட்டிக்கொள்கிறது. உங்களுடையது 0, அவளுடையது 31 என்றால் அவளுக்கு 114 இல்லை, 129. அவளுடைய அடி 69 முதல் 82 வரை போகும். போதாக்குறைக்கு, வீழ்த்திய எதிரிகளும் கணக்கில் சேர்கிறார்கள்: காஸ்ட்லி என்னும் போக்கிமானை வீழ்த்தினால் சிறப்புத் தாக்குதலும் பிட்ஜி என்னும் போக்கிமானை வீழ்த்தினால் வேகமும் சிறிது சிறிதாக வளரும். காஸ்ட்லி உலவும் லாவெண்டர் ஊர்க் கோபுரத்தில் அவள் நெடுநேரம் சுற்றியிருக்கக்கூடும்.

அடியில் கொஞ்சம் நிச்சயமின்மை இருப்பது நல்லதுதான். இல்லையென்றால் சண்டை வெறும் கூட்டல் கழித்தலாகிவிடும். ஆனால் வளர்ப்பவரால் மாற்றவே முடியாத பிறப்பெண்ணை அவரிடமிருந்தே ஒளித்து வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. போக்கிமான்களைச் சேமித்து வைக்கும் பெட்டித் திரையிலேயே அதைப் பார்க்கும் வசதி 2016இல் வந்த சன், மூன் ஆட்டங்களில்தான் கிடைத்தது. அங்கும் எண்ணாக இல்லாமல் சொல்லாகத்தான்.

இருவரும் விவரப் பக்கத்தைத் திறந்து சிறப்புத் தாக்குதலை ஒப்பிட்டுப் பாருங்கள். கூடவே சாரிசார்டின் இயல்பையும் பாருங்கள்: மாடஸ்ட் என்றால் அந்த எண் பத்து சதவீதம் கூடியிருக்கும், அடமன்ட் என்றால் அதே அளவு குறைந்திருக்கும்.