சிறிய அறக்கட்டளையின் இணையதளத்தைப் புதுப்பிக்கிறோம், பட்ஜெட் குறைவு. எதிலிருந்து ஆரம்பிப்பது?

டிசைனைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு நாள் அறக்கட்டளை அலுவலகத்தில் போனுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். கோபிச்செட்டிபாளையம் பக்கம், பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு உதவும் ஒரு கல்வி அறக்கட்டளைக்கு 2022இல் தளத்தை மாற்றி அமைத்தபோது நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

கல்லூரிச் சேர்க்கை நேரம் அது. போனை எடுக்கும் அக்கா ஒவ்வொரு அழைப்பையும் நீள நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தார். "ஏனுங்க, பாரம் எங்கீங்க கெடைக்கும்?" "போன வருசத்து வருமானச் சான்று செல்லுங்களா?" "புள்ளைக்கு அப்பா இல்லீங்க, பெரியப்பன் கையெழுத்துப் போடலாங்களா?" திருப்பூரிலிருந்து ஓர் அம்மா பனியன் கம்பெனியின் டீ டைமில் கூப்பிட்டார். பின்னால் மிஷின் சத்தம். பதில் கேட்டு முடிப்பதற்குள் பெல் அடித்துவிட்டது, வைத்துவிட்டார்.

இதில் ஒன்றுக்குக்கூடப் பழைய தளத்தில் பதில் இல்லை. முகப்பில் நிறுவனர் படம், ஓடிக்கொண்டே இருக்கும் விழாப் படங்கள், வாழ்த்துரை. விண்ணப்பம் எங்கோ ஒரு மூலையில், கோணலாக ஸ்கேன் செய்த பிடிஎஃப். அதைப் பிரிண்ட் எடுக்கவே பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டும். அதனால் யாருக்கு உதவி, என்னென்ன சான்று, கடைசித் தேதி என்ன என்பதை முகப்பின் முதல் மூன்று வரியாக வைத்தோம். விண்ணப்பத்தைப் போனிலேயே நிரப்பும்படி செய்தோம். நிறுவனர் படம் 'எங்களைப் பற்றி' பக்கத்துக்குப் போனது. பெரியவர்கள் முதலில் தயங்கினார்கள். அந்த நோட்டைக் காட்டியதும் சரி என்றார்கள்.

அடுத்தது படங்கள். இதை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பழைய தளத்தில் காசோலை வாங்கும் பிள்ளைகளின் முகம், பெயர், ஊர் எல்லாம் இருந்தன. அதில் ஒரு பெண் இப்போது கோவையில் வேலை பார்க்கிறார். தன் பெயரைத் தேடினால் முதலில் அந்தப் படம்தான் வருகிறது, எடுக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மூத்த அறங்காவலர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அந்தப் புள்ள படிக்கறதுக்குக் குடுத்தோமுங்க, படம் காட்டறதுக்கில்ல. எல்லாத்தையும் எடுத்துருங்க" என்றார். தளத்தில் நீக்கினாலும் கூகுள் தேடலில் கொஞ்ச நாள் தெரியும். தளம் வைத்திருப்பவர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் நீக்கக் கோரிக்கை கொடுத்தால் சீக்கிரம் மறையும். படம் வேண்டும் என்றால் கட்டடம், நூலகம், விழாக் கூட்டம் போதும்.

நன்கொடைப் பக்கம் சின்னதாக இருக்கட்டும்: வங்கிக் கணக்கு, யூபிஐ கியூஆர், நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவு எண். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிவிலக்கு கிடையாது என்பதையும் எழுதிவிடுங்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய சொந்தக்காரர் பணம் அனுப்புகிறேன் என்பார். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அறக்கட்டளை அதை வாங்கக் கூடாது.

டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். எங்களுக்கு முன்பு தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே பதிந்திருந்தார், நம்பரும் மாறிவிட்டது. மீட்பதற்கு மூன்று வாரம் அலைந்தோம். அறக்கட்டளை பெயரில், அறக்கட்டளையின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். பழைய பக்கங்கள் யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் இருந்தால் யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் பொது எழுத்து முறைக்கு, மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் தமிழில் தேடுகிறவர் கண்ணில் அவை படவே படாது. பழைய பக்கங்களின் இணைய முகவரிகளைப் புதிய பக்கங்களுக்குத் திருப்பிவிட மறக்க வேண்டாம், பள்ளிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கைகளில் அவைதான் அச்சாகியிருக்கும்.

எல்லாம் முடிந்ததும், அறங்காவலர்களுக்குக் காட்டும் முன்னால், அலுவலகத்தில் டீ கொண்டுவரும் அம்மாவின் போனில் தளத்தைத் திறந்து கொடுத்து விண்ணப்பத்தை எடுக்கச் சொல்லுங்கள். "எங்கீங்க தொடோணும்?" என்று கேட்டால் அந்தப் பட்டனை மாற்றுங்கள்.