ரா போட்டோ மங்கலா இருக்குன்னு லென்ச மாத்த வேணாம் தம்பி

கேள்வி: அண்ணே, எனக்கு திருமங்கலம் பக்கம். செகண்ட் ஹேண்ட்ல கேனன் 1500டி கேமராவும் 55-250 லென்சும் வாங்கினேன். பாலமேடு ஜல்லிக்கட்டுல 800 போட்டோ ரா ஃபைலா எடுத்தேன். கேமரா ஸ்கிரீன்ல பளிச்சுன்னு இருந்துச்சு, கம்ப்யூட்டர்ல தொறந்தா சாம்பல் பூத்த மாதிரி, ஷார்ப்பே இல்லாம கெடக்கு. கடையில கேட்டா லென்ஸ மாத்துங்கங்கிறாங்க, இல்லேன்னா மாச சந்தா கட்டி சாஃப்ட்வேர் வாங்கணுமாம், 12,000 ரூபாய்க்கு எடிட்டிங் கிளாசும் நடத்துறாங்களாம். கிளாசுக்கு 2,000 அட்வான்ஸ் குடுத்துட்டேன். நான் என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, லென்ஸ் அப்படியே இருக்கட்டும், அதுல குத்தம் இருக்கான்னே இன்னும் தெரியாது. நீங்க கேமரா ஸ்கிரீன்ல பாத்தது ரா ஃபைலே இல்ல. ஒவ்வொரு ரா ஃபைலுக்குள்ளயும் கேமராவே ஒரு ஜேபெக் படத்த ஒட்டி வச்சிருக்கும், அதுக்கு கான்ட்ராஸ்ட் ஏத்தி, கலர் ஏத்தி, ஷார்ப்பனிங்கும் போட்டு வச்சிருக்கும், ஸ்கிரீன்ல வர்றது அதுதான். ரா அப்படி இல்ல, சென்சார் புடிச்சத அப்படியே வச்சிருக்கிற ஃபைல், ஆட்டி வச்ச மாவு மாதிரி, தோசைய நீங்கதான் சுடணும். மங்கலா தெரியுறது அதோட இயல்பு. உங்க கேமரா ரா ஃபைல 14 பிட்ல சேமிக்குது, அப்படின்னா ஒரு கலருக்கு 16,384 படி வெளிச்சம், ஜேபெக்ல 256 தான். காளையோட முகத்துல நிழல் அடிச்சு கருப்பா போயிருந்தாலும் இதுல இருந்து தோலோட மினுமினுப்ப வெளிய கொண்டு வரலாம், அதுக்காகத்தான் ராவுல எடுக்கிறதே.

இப்ப சாஃப்ட்வேர். காசே குடுக்க வேணாம். கேனன் கம்பெனியே டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல்னு ஒன்ன சும்மா குடுக்குது, அவங்க சைட்ல கேமரா சீரியல் நம்பர் கேக்கும், அடியில இருக்கிற நம்பர போட்டா டவுன்லோட் ஆயிரும். நீங்க கேமராவுல என்ன ஸ்டைல் வச்சு எடுத்தீங்களோ அதே கலர்ல தொறக்கும், அதனால பாதி கவலை அங்கயே போயிரும். நிக்கான் வச்சிருக்கவங்களுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ இருக்கு, அதுவும் இலவசம்.

அதுக்கு அடுத்து எந்த கம்பெனி கேமராவா இருந்தாலும் வேலைக்கு ஆகுறது ரெண்டு, ராதெரபி, டார்க்டேபிள். ரெண்டுமே ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுலயும் ஓடும், வாட்டர்மார்க் கிடையாது, முப்பது நாள்ல காலாவதி ஆகுற கதையும் கிடையாது. ஒரு விசயம், டவுன்லோட அந்தந்த சாஃப்ட்வேரோட சொந்த சைட்ல இருந்து மட்டும் எடுங்க. இதையே பென்டிரைவ்ல போட்டுத் தாறேன்னு ஐநூறு ஆயிரம் கேக்குறவங்க இருக்காங்க, அவங்க வாங்குறது சட்டப்படி தப்பில்ல, ஆனா சும்மா கிடைக்கிறதுக்கு நீங்க ஏன் குடுக்கணும். கிராக் பண்ண சாஃப்ட்வேர் பக்கம் மட்டும் போயிராதீங்க, அதோட சேந்து வைரஸ் உள்ள வந்தா எடுத்த போட்டோ அத்தனையும் போயிரும்.

என்னைய கேட்டா ராதெரபில ஆரம்பிங்க. ஃபைல தொறந்த உடனே உள்ள இருக்கிற அந்த ஜேபெக்க பாத்து அதே மாதிரி வெளிச்சத்த தானா பொருத்திக்கிற வசதி அதுல இருக்கு, புதுசா வர்றவங்களுக்கு பெரிய ஆறுதல். டார்க்டேபிள் இன்னும் ஆழமானது, ஆனா மொதல் வாரமே அதுல இறங்குனா அதுல இருக்கிற மாட்யூல், அதாவது டூல், அதோட பேர பாத்தே விட்டுருவீங்க. மூணு மாசம் கழிச்சு போங்க. காளைக்கு மட்டும் மாஸ்க் போட்டு ஷார்ப் பண்ணிட்டு பின்னாடி பறக்குற புழுதிய மெத்துனு விடணும்னா அப்ப அது ரொம்ப நல்லா இருக்கும்.

ஷார்ப்பனிங்க பத்தி கொஞ்சம் நீட்டியே சொல்றேன், எல்லாரும் தப்பு பண்ற எடம் இதுதான். தொறந்த உடனே ஷார்ப்பனிங் ஸ்லைடர புடிச்சு இழுக்காதீங்க. மொதல்ல வெளிச்சம், அப்புறம் வொயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாவே தெரியுற மாதிரி கலர சரி பண்றது), அப்புறம் லென்ஸ் கரெக்‌ஷன், அப்புறம் நாய்ஸ் (படத்துல பொடிப்பொடியா தெரியுற புள்ளி), அதுக்கும் பின்னாடிதான் ஷார்ப்பனிங். நாய்ஸ கொறைக்காம ஷார்ப் பண்ணா அந்த புள்ளி புள்ளியும் சேந்து ஷார்ப் ஆகும், காளை மேல மணல வாரி எறிஞ்ச மாதிரி இருக்கும். அடுத்து, 100 சதவீத ஜூம்ல வச்சு மட்டும்தான் பாக்கணும். ராதெரபில சின்னதா வச்சு பாத்தா ஷார்ப்பனிங் என்ன செஞ்சுச்சுன்னே காட்டாது, வேலை செய்யலைனு நெனச்சு இன்னும் இழுப்பீங்க, கெட்டுச்சு.

ராதெரபில கேப்சர் ஷார்ப்பனிங்னு ஒரு டூல் இருக்கு, ஷார்ப்பனிங்குக்கு வந்ததும் அத மொதல்ல ஆன் பண்ணுங்க. லென்சுலயும் சென்சாருக்கு முன்னாடி இருக்கிற ஃபில்டர்லயும் இயல்பா வர்ற லேசான மங்கல கணக்கு போட்டு திருப்பி எடுக்குறதுக்கு உள்ளது, ரேடியஸையும், அதாவது ஓரத்துல எவ்வளவு அகலத்துக்கு ஷார்ப் பண்ணணும்ங்கிற அளவையும், அதுவே கண்டுபிடிச்சுக்கும். பாதி படத்துக்கு இதுவே போதும். பத்தலைனா மட்டும் அன்ஷார்ப் மாஸ்க், பேரு அப்படி இருந்தாலும் அதுவும் ஷார்ப் பண்ற டூல்தான். அதுல ரேடியஸ சின்னதாவே வைங்க. திமில் ஓரம், கொம்பு ஓரம், கேலரி கட்டை ஓரம் இங்கெல்லாம் வெள்ளையா ஒரு கோடு எழும்புச்சுன்னா அதுக்கு பேரு ஹேலோ, அளவு மீறியாச்சுன்னு அர்த்தம், உடனே பின்னாடி வாங்க. நான் ஒரு தை மாசம் தெப்பக்குளத்துல தெப்பத் திருவிழா எடுத்தேன், மைய மண்டபத்து லைட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல பாக்க கச்சிதமா இருந்துச்சு, 12க்கு 18 பிரிண்ட் போட்டு வந்து பாத்தா மண்டபத்த சுத்தி சுண்ணாம்புல கோடு இழுத்த மாதிரி ஹேலோ. அந்த படத்த மறுபடி மொதல்ல இருந்து எடிட் பண்ணேன். அதுல இருந்து ஷார்ப் பண்ணி முடிச்சா அன்னைக்கே சேவ் பண்றதில்ல, மறுநாள் வெள்ளனா ஒருக்கா பாத்துட்டு கொஞ்சம் கொறச்சிட்டுத்தான் வெளிய எடுக்கிறேன்.

வாட்ஸ்அப்புக்கோ இன்ஸ்டாவுக்கோ சின்னதாக்கும்போது படம் மறுபடி கொஞ்சம் மங்கும், அதுக்கு ரீசைஸ் பண்ண பின்னாடி போடுற ஷார்ப்பனிங் தனியா இருக்கு, அத லேசா போடுங்க. பிரிண்டுக்கு வேற அளவு, ரெண்டுக்கும் ஒரே ஃபைல குடுக்காதீங்க.

ஆனா தம்பி, ஒண்ணு தெளிவா புரிஞ்சுக்குங்க. வாடிவாசல்ல இருந்து சீறி வர்ற காளைய 1/250 ஷட்டர்ல, அதாவது ஒரு செகண்டுல 250ல ஒரு பங்கு நேரத்துல, எடுத்திருந்தா கொம்பு இழுத்துத்தான் விழுந்திருக்கும், எந்த சாஃப்ட்வேரும், காசு குடுத்து வாங்குனதும் சேத்துத்தான் சொல்றேன், அத முழுசா சரியாக்காது. ஃபோகஸ் காளைய விட்டுட்டு கேலரில நிக்கிற ஆள் மேல விழுந்திருந்தாலும் அதே கதிதான். அடுத்த தடவை 1/1000க்கு கொறையாம வைங்க, வெளிச்சத்த ஏத்திக் காட்டுற ஐஎஸ்ஓ 1600 ஏறுனாலும் பரவால்ல, நாய்ஸ எடுத்துரலாம், இழுப்ப எடுக்க முடியாது. லென்ஸ் மேல சந்தேகம் தீரலைனா கேமராவ ஸ்டாண்டுல நிப்பாட்டி காலைல நல்ல வெளிச்சத்துல சமணர் மலை பாறைய லென்ஸ் துவாரத்த எஃப் 8ல வச்சு எடுத்துப் பாருங்க, அதுல நடுப்பகுதி கச்சிதமா இருந்தா லென்ஸ்ல ஒண்ணுமில்ல.

அட்வான்ஸ் விசயம். ரசீது இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா நீங்க பணம் அனுப்புன ஜிபே ஸ்கிரீன்ஷாட்டாவது எடுத்து வைங்க. கிளாஸ் இன்னும் ஆரம்பிக்கலைங்கிறதால எனக்கு வேணாம், பணத்த திருப்பிக் குடுங்கன்னு வாய்ல சொல்லாம வாட்ஸ்அப்புல எழுதி அனுப்புங்க. நியாயமான கடைனா குடுத்துருவாங்க. இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, கட்டணம் கிடையாது, கூப்பிட்டு புகார் பதிஞ்சிருங்க.

கையில காசு செலவழிக்கணும்னு இருந்தா ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்க. உங்க கேமராவுல ஒரு ரா ஃபைல் சுமார் 25 எம்பி வரும், 800 போட்டோன்னா ஒரே நாள்ல 20 ஜிபி. ராதெரபி ஒரிஜினல தொடாது, நீங்க செஞ்ச எடிட்ட பக்கத்துலயே ஒரு குட்டி ஃபைல்ல எழுதி வைக்கும், காப்பி எடுக்கும்போது அதையும் சேத்து எடுங்க.

கேள்வி: அண்ணே, நான் விளாச்சேரில கொலு பொம்மை செஞ்சு ஆன்லைன்ல விக்கிறேன். கேமரா இல்ல, போன்தான். போன்லயும் ரா எடுக்கலாம்னு சொல்றாங்க, எடுக்கட்டுமா? இன்ஸ்டாவுல 499 ரூபாய்க்கு பிரீசெட் பேக் விக்கிறாங்க, அது வாங்கலாமா?

பதில்: பிரீசெட் வேணாம்மா. அது யாரோ ஒருத்தர் எடுத்த வேற வெளிச்சத்துக்கு செஞ்ச அளவு, உங்க பொம்மையோட குங்குமச் சிவப்பு அதுல செங்கல் கலராயிரும், வாங்குனவங்க வேற கலர் வந்துருச்சுன்னு திருப்பி அனுப்புவாங்க. போன் ராவும் உங்களுக்கு இப்ப அவசியமில்ல, போன் சாதாரணமா எடுக்கும்போது பல படத்த ஒண்ணு சேத்து நாய்ஸ கொறச்சுத்தான் குடுக்குது, பல போன்ல ரா எடுத்தா அந்த வசதி கிடைக்காது. வாசல் திண்ணையில நேர் வெயில் விழாத எடத்துல பொம்மைய வைங்க, இருட்டா இருக்கிற பக்கம் ஒரு வெள்ளை தெர்மாகோல் அட்டைய நிப்பாட்டுங்க, வீட்டு டியூப்லைட்ட அணைச்சிருங்க, ரெண்டு வெளிச்சம் கலந்தா கலர் சரியாவே வராது. எடுத்தத கம்ப்யூட்டர்ல ஜிம்ப்னு ஒரு இலவச எடிட்டிங் சாஃப்ட்வேர்ல தொறந்து வொயிட் பேலன்ஸ் பாத்துட்டு, கண்ணும் நகையும் தெளிவா தெரியுற அளவுக்கு மட்டும் அன்ஷார்ப் மாஸ்க் போடுங்க. கன்னத்துல பெயிண்ட் பிரஷ் கோடு தெரிய ஆரம்பிச்சா அங்க நிறுத்திருங்க.