உலகின் சிறந்த பத்துப் பின்னணி இசைகளில் ஒரு தமிழ்ப் படமாவது இடம்பெறுமா?

இடம்பெறும். ஒன்றல்ல, என்னைக் கேட்டால் மூன்று.

விடுதி அறையில் நண்பர்களோடு பட்டியல் போட்டதாகவும், பத்தும் ஆங்கிலப் படங்களாக இருந்ததாகவும், தமிழ்ப் படம் ஒன்றைச் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தம்பி (வயது தெரியாது, தம்பி என்றே வைத்துக்கொள்கிறேன்), சிரித்தவர்களில் யாராவது 2005இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் வெளியிட்ட பட்டியலைப் பார்த்திருப்பார்கள். மொத்தம் 25 படங்கள். முதல் இடம் ஸ்டார் வார்ஸ், நான்காவது சைக்கோ, ஐந்தாவது காட்ஃபாதர், ஆறாவது ஜாஸ். அதில் தமிழ்ப் படம் இல்லைதான். ஜப்பானியப் படமும் இல்லை, வங்காளப் படமும் இல்லை, ஏனென்றால் அது அமெரிக்கப் படங்களுக்கு மட்டும் போட்ட பட்டியல். அவர்கள் ஊர்க் கணக்கை அவர்கள் எழுதினார்கள். அதை உலகக் கணக்காகப் படித்தது நம் ஆட்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டில் ஒரு படத்தின் பின்னணி இசையை இசைத்தட்டாகப் போட்டு விற்றார்கள். வீட்டில் உட்கார்ந்து நூறு முறை கேட்கலாம். நம் ஊரில் பெரும்பாலும் பாட்டுகளைத்தான் போட்டார்கள். பின்னணி இசை வேண்டுமென்றால் தியேட்டருக்குத்தான் போக வேண்டும், படம் பெட்டிக்குள் போனால் இசையும் போய்விடும். தேசிய விருதிலேயே 2009ஆம் ஆண்டுப் படங்களில் தொடங்கித்தான் பாட்டுக்கு ஒரு விருது, பின்னணி இசைக்கு ஒரு விருது என்று நிலையாகப் பிரித்தார்கள். அந்த ஆண்டு பின்னணி இசை விருது பழசிராஜா என்ற மலையாளப் படத்துக்காக இளையராஜாவுக்குப் போனது. 1976இலிருந்து அவர் ரீரெக்கார்டிங்கில் (படத்துக்குப் பின்னணி இசை சேர்க்கும் வேலை) செய்ததற்கெல்லாம் அதுவரை தனியாக ஒரு பெயர்கூட இல்லை.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க இரண்டு பேர் வருவார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். நான் இசை படித்தவன் இல்லை. ஸ்வரமும் தெரியாது, நோட்ஸும் தெரியாது. எண்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். காலி கேசட்டும் பாட்டு வரிசை எழுதிய துண்டுச் சீட்டும் கொடுத்தால் மறுநாள் பதிந்து கொடுப்பேன். காப்பிரைட் வகுப்பு எடுக்க வருபவர்கள் முப்பது வருடம் தாமதமாக வருகிறார்கள், மன்னிக்கவும்.

மௌன ராகம் வந்த பிறகு ஒரு புதுத் தொல்லை ஆரம்பித்தது. சீட்டில் பாட்டுகளை எழுதிவிட்டுக் கடைசியில் "கார்த்திக் வரும்போது வரும் மியூசிக்" என்று எழுதிக் கொண்டுவந்தார்கள். எங்கிருந்து கொடுப்பேன்? தியேட்டரில் ஆபரேட்டராக இருந்த அண்ணன் ஒருவர் என் வாடிக்கையாளர். அவரிடம் கெஞ்சி, கேபினுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் முன்னால் என் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தேன். இரண்டு புரொஜெக்டர், வெளிச்சத்துக்காகக் கார்பன் குச்சி எரியும் வெக்கை, ரீல் ஓடும் கடகட சத்தம். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம். எல்லாமே கேசட்டில் ஏறியிருந்தது. அந்த டொக்கோடு சேர்த்தே ஊரில் பலர் அந்த இசையை மனப்பாடம் செய்தார்கள்.

இனி வருவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கடைக்குத் தினமும் மாலையில் வங்கியில் வேலை பார்த்த ஒரு சார் வருவார். எந்தப் பட்டியல் போட்டாலும் எனக்கும் அவருக்கும் ஒத்துவராது. ஒரு நாள் ஒரு படத்தில் அப்பா இறந்துபோகும் காட்சியைப் பற்றிப் பேச்சு வந்தது. (படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அதன் ரசிகர்கள் இந்தத் தளத்தில் நிறையப் பேர்.) தமிழில் பின்னணி இசை என்றால் அந்த வயலின்தான், உலகத்தில் எவனும் கிட்ட வர முடியாது என்றேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாக, "அந்த சீன்ல மியூசிக்கே கிடையாதே" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த வயலினை அங்கேயே வாயால் வாசித்துக் காட்டினேன். கடையில் நின்ற நாலு பேரும் என் பக்கம். பந்தயம் ஒரு டிடிகே 90 கேசட்.

சில மாதம் கழித்து அந்தப் படத்தை ஊரில் மறுபடி ஓட்டினார்கள். சார் விடுப்பில் சொந்த ஊருக்குப் போயிருந்தார். நான் போய்ப் பதிந்து, இரவு கடையை மூடிவிட்டுத் தனியாகக் கேட்டேன். சுமார் நாலு நிமிடக் காட்சி. மின்விசிறி சத்தம் இருக்கிறது. யாரோ வாளியை நகர்த்துகிறார்கள். காக்கை கத்துகிறது. அழுகைகூடப் பாதியில்தான் வருகிறது. வயலின் இல்லை. எல்லாம் முடிந்து, தெருவைக் காட்டும்போது (அங்கே தெருதான் வரும் என்று எனக்குத் தெரியும்) புல்லாங்குழல் ஒரே ஒரு இழை, ஐந்தாறு விநாடி. அவ்வளவுதான். திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்டேன். நான் வாயால் வாசித்துக் காட்டிய அந்த வயலினை எந்த இசையமைப்பாளரும் எழுதவில்லை. எழுதியவன் நான்தான்.

சார் வந்து கேட்டபோது டேப் சிக்கிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருடமே அவருக்கு மாற்றல் வந்து போய்விட்டார்.

அதிலிருந்து யாராவது பட்டியல் போட்டால், படத்தில் இசை எங்கே இல்லை என்றுதான் முதலில் கேட்பேன். உங்கள் நண்பர்களிடமும் கேளுங்கள். ஜாஸ் என்ற சுறாப் படத்தின் இரண்டு ஸ்வரங்களை எல்லோரும் பாடுவார்கள். ஜான் வில்லியம்ஸ் முதலில் பியானோவில் வாசித்துக் காட்டியபோது இயக்குநர் ஸ்பீல்பெர்க் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாராம். ஆனால் பையன்கள் அட்டையில் சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி செய்து கூட்டத்தை ஓடவிடும் காட்சியில் அந்த இசை கிடையாது. சுறா வந்தால்தான் ஸ்வரம் என்று நம் காதைப் பழக்கியிருக்கிறார்கள், பொய்ச் சுறாவுக்கு வாசிக்கவில்லை. சைக்கோவில் கதை நேர்மாறு. குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றார் ஹிட்ச்காக். பெர்னார்ட் ஹெர்மன் கேட்காமல் எழுதிக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார், வெறும் தந்தி வாத்தியங்கள் மட்டும். இயக்குநர் மனம் மாறினார். அடுத்து 1963இல் தி பேர்ட்ஸ் எடுத்தபோது பின்னணி இசையே வைக்கவில்லை, அதே ஹெர்மன் ஒலி ஆலோசகராக உட்கார்ந்தார். இந்தக் கணக்கு தெரிந்தவர்களை மதிக்கிறேன். நாயகன் கதவைத் திறந்தால் ஒரு முழக்கம், மூடினால் ஒரு முழக்கம் என்று வைத்து அதற்குப் பிஜிஎம் என்று பெயர் சூட்டுகிறவர்களை என்ன சொல்வது.

உடனே ராஜா ரசிகன், ரஹ்மானைத் தாக்குகிறான் என்று ஆரம்பிக்காதீர்கள். 2009இல் ஸ்லம்டாக் மில்லியனருக்கு ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் வாங்கிய அன்று கடைத்தெருவில் மிட்டாய் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

இதை எழுதுவதற்கு முன் அந்தக் கேசட்டை ஒருமுறை கேட்டுவிடலாம் என்று பார்த்தேன். பிளேயரில் பெல்ட் போய்விட்டது. சரிசெய்யக் கொடுத்து ஆறு மாதம் ஆகிறது, "பெல்ட் வரணும் சார்" என்ற ஒரே பதில். போன மாதம் மிக்சியைக் கொண்டுபோனேன், திறந்துகூடப் பார்க்காமல் புதுசு வாங்கிடுங்க என்கிறார். ஒரு கப்ளர் தேய்ந்ததற்கு மிக்சியையே தூக்கிப் போடுவதா? அந்தக் காலத்தில் நாங்கள் அறுந்த டேப்பை செலோடேப் வைத்து ஒட்டிக் கொடுத்தோம். சரி, அது வேறு கதை.

மூன்று என்று சொன்னேன் அல்லவா. முதலில், 1987இல் வந்த பேசும் படம். வசனமே இல்லாத படத்தைத் தாங்கியது எல். வைத்தியநாதனின் இசை. நான் பார்த்த பட்டியல் எதிலும் அவர் பெயர் இல்லை. அடுத்து ஓநாயும் ஆட்டுக்குட்டியும், 2013. பாட்டே கிடையாது. பின்னணி இசை என்று போடாமல் முன்னணி இசை இளையராஜா என்று பெயர் போட்டார் மிஷ்கின். மூன்றாவது பாலு மகேந்திராவின் வீடு, 1988. இதற்கு அடிக்க வருவீர்கள், ஏனென்றால் அதில் வரும் இசை படத்துக்காக எழுதியதே இல்லை. இளையராஜா 1986இல் வெளியிட்ட ஹவ் டு நேம் இட் தொகுப்பிலிருந்து எடுத்துப் போட்டது. என் கணக்கில் அதுவும் சேர்த்திதான். எதை எங்கே வைப்பது, எங்கே வைக்காமல் விடுவது என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறாரே. மௌன ராகம் ஏன் இல்லை என்றால், அதை என்னால் அந்த டொக் இல்லாமல் கேட்க முடியாது. நடுநிலையாக மதிப்பெண் போட வராது.

திண்டுக்கல்லில் வங்கியில் இருந்த அந்த சார் இதைப் படித்தால்: டேப் சிக்கவில்லை. நீங்கள் சொன்னதுதான் சரி. ஒரு டிடிகே 90 தர வேண்டியிருக்கிறது, பிரிக்காத ஒன்று இன்னும் என் பீரோவில் இருக்கிறது.