கேளுங்க சொல்றோம்: முன்னாடி மாசூ, பின்னாடி குவான் யின்

கேள்வி: அடுத்த மாசம் மகன் வீட்டுக்கு சிங்கப்பூர் போறேன். தெலோக் ஆயர் ஸ்ட்ரீட்ல ஒரு பழைய சீனக் கோயில் இருக்காம், ஒருத்தர் தாவோங்கற சீன மதத்துக் கோயில்ங்கறாங்க, இன்னொருத்தர் புத்தர் கோயில்ங்கறாங்க. நாம உள்ள போய் போட்டோ எடுக்கலாமா?
‍- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமா போங்கம்மா, டிக்கெட் கிடையாது, நீங்க என்ன மதம்னும் யாரும் கேக்க மாட்டாங்க. அது தியான் ஹோக் கெங். ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். முன் மண்டபத்துல மாசூ, கடல்ல போறவங்களைக் காப்பாத்துற தாவோ தெய்வம், அப்படியே பின்னாடி நடந்தா குவான் யின், கருணை தெய்வம், அது பௌத்தம். கும்பிட வர்றவங்க ரெண்டு இடத்துலயும் ஊதுபத்தி வெச்சுட்டுப் போயிட்டே இருக்காங்க, எந்தக் கோயில்னு குழம்புறது நம்மள மாதிரி சுத்திப் பாக்க வர்ற ஆளுங்கதான்.

சீனாவோட ஃபூஜியான் மாகாணத்துல இருந்து கப்பல்ல வந்த ஹொக்கியன் ஜனங்க உசுரோட கரை சேந்ததுக்கு நன்றி சொல்ல முதல்ல சின்னதா ஒரு சாமி இடம் வெச்சாங்க, அப்புறம் 1839ல இருந்து 1842 வரைக்கும் இப்ப நாம பாக்குற கோயிலைக் கட்டுனாங்க, மாசூ சிலை 1840ல சீனாவுல இருந்து கப்பல்லயே வந்துச்சு. அப்ப கோயில் வாசலுக்கு எதிர்லயே கடல், அப்புறமா மண்ணு கொட்டி மேடாக்கி கடலைத் தள்ளிட்டாங்க, இப்ப சுத்தி பூரா ஆபீஸ் டவர்தான். அதனால கூரை மேல இருக்குற டிராகனையும் பின்னாடி நிக்கிற கண்ணாடிக் கட்டடத்தையும் ஒரே ஃபிரேம்ல பிடிங்க, இந்தக் கோயில் கதையே அதுல வந்துடும்.

எடுக்கறதுக்கு காலைலயே போயிடுங்க, கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி. கதவுல பெயின்ட் பண்ணின காவல் தெய்வங்க, கல் சிங்கம், ஆணி இல்லாம கோத்த உத்தரம் எல்லாம் விடாதீங்க, கழுத்து வலிச்சாலும் பரவால்ல மேல பாருங்க. வாசப்படி உசரமா இருக்கும், அதை மிதிக்காம தாண்டிப் போகணும். சன்னதிக்குள்ள இருட்டு, ஆனாலும் ஃபிளாஷ் போடவே வேணாம், கேமராவுல ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தைப் பிடிக்கிற திறன்) ஏத்திக்கோங்க, எடுக்கக்கூடாதுன்னு போர்டு இருந்தா கேமராவ உள்ள வெச்சுடுங்க. கண்ண மூடி வேண்டிக்கிட்டு இருக்கறவங்க மூஞ்சிக்கு நேரா லென்ஸை நீட்டுறது எனக்கு சுத்தமா பிடிக்காது, நம்ம ஊர் கோயில்ல யாராவது அப்படி பண்ணா நாம சும்மா விடுவோமா?

முன்வாசலோட திரும்பிடாதீங்க. பின்பக்கம் அமோய் ஸ்ட்ரீட் சுவர் முழுக்க சிங்கப்பூர் ஓவியர் யிப் யூ சோங் வரைஞ்ச 44 மீட்டர் ஓவியம் இருக்கு, ஹொக்கியன் ஜனங்க வந்து பிழைச்ச கதை, அங்க இஷ்டத்துக்கு எடுக்கலாம்.

கேள்வி: பக்கத்துல வேற என்ன பாக்கலாம்?

பதில்: அதே தெருவுல கொஞ்சம் நடந்தா நாகூர் தர்கா. நம்ம சோழமண்டலக் கரைல இருந்து போன சூலியா முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில கட்டுனது, அதாவது சீனக் கோயிலுக்கும் மூத்தது. கும்பகோணத்துக்காரங்க நீங்க, நாகூர் உங்களுக்குப் புதுசா என்ன! அவங்களே ஆரம்பிச்ச அல் அப்ரார் பள்ளிவாசலும் அங்கேயேதான், ஆனா வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக் கூட்டம் இருக்கும், அந்த நேரத்துல கேமராவோட போய் நிக்காதீங்க.