அமெரிக்கா போகும் அம்மாவுக்கு அடாப்டர் போதுமா, கன்வெர்ட்டரும் வாங்க வேண்டுமா?

உங்கள் அம்மா ஆறு மாதம் நியூஜெர்சியில் தங்கப் போகிறார், போன் சார்ஜர், அயர்ன் பாக்ஸ், மிக்ஸி மூன்றையும் எடுத்துச் செல்ல நினைக்கிறார், பர்மா பஜாரில் ஓர் அடாப்டர் வாங்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சார்ஜருக்குப் போதும். மற்ற இரண்டுக்கும் போதாது. பழைய வண்ணாரப்பேட்டையில் மின்சாதனங்கள் பழுது பார்க்கிறேன். இந்தக் குழப்பத்தால் கெட்ட பொருள்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருப்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

அடாப்டர் பின்னின் வடிவத்துக்கு மட்டும்தான் வழி செய்யும். நம் உருண்டைப் பின்னை அங்குள்ள தட்டைத் துளையில் சேர்க்கும்; மின்சாரத்தைத் தொடாது. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் மாறி வருகிறது என்ற கணக்கு). அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட்டை மாற்ற கன்வெர்ட்டரோ டிரான்ஸ்பார்மரோ வேண்டும்.

கடைக்குக் கிளம்பும் முன் பொருள்களைத் திருப்பிப் பாருங்கள். சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். அது எந்த நாட்டிலும் வேலை செய்யும். மிக்ஸியின் அடியில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 750 வாட் என்று ஒரே அளவுதான் இருக்கும். அங்கேதான் சிக்கல்.

அயர்ன் பாக்ஸை விட்டுவிடுங்கள். வோல்ட் பாதியானால் சூடு கால்வாசியாகிவிடும். 1000 வாட் பெட்டி அங்கே ஏறக்குறைய 270 வாட்தான் தரும். பருத்திப் புடவையின் மடிப்பு அதற்கு அசையாது. அங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

அங்கே வாங்கியதை இங்கே கொண்டுவந்து போடும்போதுதான் ஆபத்து. தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அம்மா, மகன் அமெரிக்காவில் வாங்கித் தந்த ரைஸ் குக்கரை என்னிடம் கொண்டுவந்தார். 120 வோல்ட், 500 வாட் குக்கர். அடாப்டர் போட்டு நம் சுவரில் செருகியிருக்கிறார்கள். 1800 வாட்டுக்கு மேல் இழுத்து, அடித்தட்டு நீலம் பாரித்து, உள்ளே தெர்மல் பியூஸ் அறுந்து, ஒயரின் உறை உருகி ஒட்டியிருந்தது. பக்கத்தில் குழந்தைகள் இருந்திருந்தால் என்று நினைத்து அன்று முழுவதும் எனக்கு மனம் ஆறவில்லை.

மிக்ஸிக்கு வருகிறேன். எடை குறைந்த கன்வெர்ட்டர்களில் 1600 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்பிவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை சூடேற்றும் கம்பிச் சுருள் சாதனங்களுக்கானவை, மோட்டாருக்கு ஆகாது. மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதால், 750 வாட் மிக்ஸிக்கு, வோல்ட்டை உயர்த்தித் தரும் 1500 வாட் ஸ்டெப் அப் டிரான்ஸ்பார்மர் வேண்டும். இரும்பும் தாமிரமும் நிறைந்த அதைப் பெட்டியில் வைத்தால் ஊறுகாய்க்கும் பொடிக்கும் எடை மிஞ்சாது. அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட் மிக்ஸியை நம் பிரீத்தி நிறுவனம் போன்றவர்கள் தயாரிக்கிறார்கள். அதை வாங்கிக் கொடுங்கள், டிரான்ஸ்பார்மரே வேண்டாம். பிளேடு உள்ள ஜார்களைக் கைப்பையில் வைக்காமல் செக் இன் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

வெட் கிரைண்டர் ஆசை வந்தால் அதையும் தடுங்கள். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. கிரைண்டரில் இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டார் 60 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுழலும்.

ஆக, பர்மா பஜாரில் வாங்க வேண்டியது சார்ஜருக்கு ஓர் அடாப்டர் மட்டுமே. அம்மாவின் சார்ஜரைக் கையோடு எடுத்துப்போய் அங்கேயே செருகிப் பாருங்கள். தொளதொளவென்று ஆடினால் வேறு கேளுங்கள். தளர்ந்த இணைப்பில் பொறி பறக்கும், சூடேறும். எல்லா நாட்டுக்கும் ஒன்றே என்று விற்கும் அடாப்டர்கள் பலவற்றில் மூன்றாவது துளை வெறும் துளைதான், எர்த் இணைப்பு இருக்காது. இரண்டு பின் சார்ஜருக்கு அதனால் கெடுதல் இல்லை. மூன்று பின் சாதனம் எதையும் அதில் செருக வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்புங்கள்.