உதிராத நெல்லை இலையிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி: நெல் கதிரிலேயே நிற்குமா, உதிர்ந்துவிடுமா என்பதை நாற்றிலேயே சொல்லிவிடலாம் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். காட்டு நெல்லின் முற்றிய கதிரைத் தொட்டாலே மணிகள் பொலபொலவென்று கொட்டிவிடும். மணியும் காம்பும் சேருகிற இடத்தில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று இருக்கிறது, முற்றியதும் அது விட்டுக்கொடுக்கிறது, அவ்வளவுதான். இந்த அடுக்கைத் தீர்மானிக்கும் மரபணுக்களில் இரண்டு 2006-இல் பிடிபட்டன. முதலாவதான எஸ்ஹெச்4 உருவாக்கும் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம், அதாவது புரதத்தின் ஒரு கட்டுமானத் துண்டு, மாறியிருந்தது. ஜப்பானியர்கள் கண்ட இரண்டாவது மரபணு க்யூஎஸ்ஹெச்1 இன்னும் வேடிக்கை: மரபணுவில் மாற்றமே இல்லை, அதிலிருந்து சுமார் 12,000 எழுத்துகள் (டிஎன்ஏவின் அடிப்படை அலகுகள்) தள்ளி டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறியிருந்தது!

இப்படிப்பட்ட மாற்றங்கள்தான் எந்த நாற்று உதிரும், எது உதிராது என்று காட்டும் அடையாளக்குறி. இது எங்கே உதவும்? நெற்பயிரைக் குட்டையாக்கும் புல்குட்டை வைரஸைத் தாங்கும் குணத்தை நிவாரா என்ற காட்டு நெல்லிலிருந்துதான் எடுத்தார்கள்; அப்படிக் காட்டு நெல்லைப் பயிர் நெல்லோடு கலக்கும்போது உதிரும் குணமும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். நாற்றின் இலைத்துணுக்கைக் கிள்ளிச் சோதித்தால், வேண்டாததை அப்போதே கழித்துவிடலாம், அறுவடை வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் மணி ரொம்பவும் கெட்டியாக ஒட்டிக்கொண்டால் கதிரடிக்கும்போது நம் கைதான் வலிக்கும்.