உளுந்து எடுத்த பிறகு கிளம்புங்கள்

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 29, தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவருக்கு 33, நாலரை ஏக்கர் நஞ்சையைப் பார்த்துக்கொள்கிறார். கல்யாணமாகி மூன்று வருடம். ஐரோப்பாவில் சைக்கிளிலேயே ஊர் ஊராகப் போய், வழியில் இயற்கைப் பண்ணைகளில் தங்கி வேலை செய்து கொடுத்து, அதற்கு ஈடாகச் சாப்பாடும் இடமும் பெற்றுக்கொள்ளும் பயணம் போக ஆசை. 4 லட்சம் சேர்த்திருக்கிறோம். அவர் ஒரு வருடம் போகலாம் என்கிறார். மாமனாரோ, "நம்ம வயல்ல களை எடுக்க ஆள் கிடைக்கல. சீமையில போயி கூலியில்லாம களை புடுங்கப் போறியளா?" என்கிறார். நான் சைக்கிள் மிதித்தே 12 வருடம் ஆகிறது. நாங்கள் போகலாமா அக்கா?

பெயர் வேண்டாம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

போகலாம். ஆனால் ஒரு வருடம் வேண்டாம், இந்த வருடமும் வேண்டாம்.

முதலில் உங்கள் மாமனாரின் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அதை நீங்கள் குத்தல் பேச்சாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கூலியில்லாத வயல் வேலை என்பது நம் பக்கத்தில் லேசான சொல் இல்லை. பண்ணையாள்களைப் பாதுகாக்கத் தஞ்சாவூருக்கென்றே 1952இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது, கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் நடுவில்தான். அந்தக் காலத்தைப் பார்த்த தலைமுறை, "சும்மா வேலை செய்யப் போகிறோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிற பிள்ளைகளை நிறுத்திக் கேட்கத்தான் செய்யும். அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்கள் இருவருக்கும் இருக்கிறது.

'வூஃப்' என்று இன்று உலகம் முழுக்க நடக்கிற ஏற்பாடு 1971இல் இங்கிலாந்தில் தொடங்கியது. லண்டனில் செயலாளர் வேலை பார்த்த சூ காப்பர்ட் என்ற பெண்மணி, நகரத்து ஆட்கள் சனி ஞாயிறில் பண்ணைக்குப் போய்க் கை கொடுத்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஆரம்பித்தார். இன்றும் அடிப்படை அதுதான். நாளுக்கு 4 முதல் 6 மணி நேர வேலை, அதற்கு ஈடாகச் சாப்பாடும் படுக்கையும், கூடவே பண்ணைக்காரர் சொல்லித் தருகிற வேலை நுணுக்கமும். பணம் கைமாறாது. சொல்லித் தருவது நின்றுபோய் வேலை மட்டும் கூடிக்கொண்டே போனால், கூலி கொடுத்து வைக்க வேண்டிய ஆளின் இடத்தில் உங்களை நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த ஊர்த் தொழிலாளி ஒருவரின் கூலி உங்களால் போகிறது.

எனக்கும் என் கணவருக்கும் இது நடந்திருக்கிறது. குமாவுன் மலையில் ஒரு தோட்டத்துக்கு 12 நாள் என்று பேசிக்கொண்டு போனோம். இரண்டாம் நாளே 9 மணி நேரம் கல் சுமக்க வைத்தார்கள். ராத்திரிக்கு இருவருக்கும் சேர்த்து ஒரே கம்பளி. நாலாம் நாள் விடியற்காலை சொல்லிவிட்டுக் கிளம்பினோம். கிளம்ப முடிந்தது எப்படி என்றால், அடுத்த ஊரில் பத்து நாள் தங்கக் கையில் பணம் இருந்தது. அதனால் தங்குமிடம் இலவசம் என்று கணக்குப் போட்டு 4 லட்சத்தையும் வழிச்செலவுக்கு ஒதுக்கிவிடாதீர்கள். டிக்கெட், விசா, காப்பீடு என்று இருவருக்கும் சேர்த்துப் பாதி போய்விடும். மிச்சத்தில் 50,000த்தைத் தொடாமல் வைத்திருங்கள். பிடிக்காத வீட்டிலிருந்து கிளம்புவதற்கான காசு அது.

விசா விஷயத்தில் உங்கள் கணவரின் ஒரு வருடம் உடைந்துபோகும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் உள்ளே இருக்கலாம். ஆளுக்கு 90 யூரோ கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சம்பளம் வாங்காவிட்டாலும், சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் செய்வதைப் பல நாடுகள் வேலை என்றே பார்க்கின்றன. நியூசிலாந்தில் சுற்றுலா விசாவில் அதற்கு அனுமதி இல்லை. பிரிட்டனில் பார்வையாளர் விசாவில் வருகிறவர், பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு மட்டும், அதுவும் 30 நாள் வரைதான் தொண்டு செய்யலாம். ஆஸ்திரேலியாவில் வேலையோடு சேர்ந்த விடுமுறை விசா இந்தியர்களுக்கு 2024இல் குலுக்கல் முறையில் திறந்தது. அது 18 முதல் 30 வயது வரை. உங்களுக்குப் பொருந்தும், அவருக்குப் பொருந்தாது. எனவே போக நினைக்கிற நாட்டின் தூதரகத்துக்கு, "இன்ன பண்ணையில் இத்தனை நாள் தங்கி, சம்பளமின்றி உதவப் போகிறோம், இந்த விசாவில் முடியுமா" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். சுற்றுலா என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள், அடுத்த விசாவுக்கும் அது தடையாக வந்து நிற்கும்.

முடியாது என்று பதில் வந்தால் பயணம் செத்துப்போகாது. இத்தாலியில் 'அக்ரிதூரிஸ்மோ' என்று விவசாயக் குடும்பங்களே காசு வாங்கிக்கொண்டு தங்கவைக்கிற பண்ணை வீடுகள் நிறைய. அங்கே விருந்தாளியாகத் தங்கி வயலைச் சுற்றிப் பார்க்க யாரும் தடை சொல்லப்போவதில்லை. 90 நாள் 40 நாளாகச் சுருங்கும், அவ்வளவுதான்.

இத்தாலி என்று நான் சொல்லக் காரணம் உண்டு. வடக்கே போ ஆற்றுச் சமவெளியில் வெர்செல்லி, நோவாரா பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை நெல்தான். போ ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவர வெட்டிய காவூர் கால்வாய் 1866இல் திறக்கப்பட்டது. ஏப்ரல், மே மாதத்தில் வயல்களில் தண்ணீர் கட்டி நிறுத்தும்போது அந்த ஊரையே 'கட்டம் போட்ட கடல்' என்கிறார்கள். நம் கல்லணைக் கால்வாய்க் கரையில் வளர்ந்தவருக்கு அது புது ஊராகவே தோன்றாது. நிலம் தட்டை, ஆகவே சைக்கிளுக்கும் சுகம். இன்னொன்றும் உண்டு. களைக்கொல்லி வருவதற்கு முன் அந்த வயல்களில் முழங்கால் தண்ணீரில் குனிந்து களை எடுத்தவர்கள் கூலிக்கு வந்த பெண்கள். மொந்தீனே என்று பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் 8 மணி நேர வேலைக்காகப் போராடியவர்கள். மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள். நீங்கள் எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்பது அவருக்கு அப்போது புரியும்.

இனி எப்போது என்பது. நம் விவசாயத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. சம்பா அறுப்பு தை, மாசியில் முடிகிறது. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் ஈரத்தில் தெளித்த உளுந்து சித்திரை வாக்கில் கைக்கு வரும். அதன் பிறகு மேட்டூர் ஜூன் 12இல் திறந்தாலும், ஒரு வருடம் குறுவையை விட்டுவிட்டுச் சம்பா மட்டும் போடுவதானால் ஆடி, ஆவணியில் நாற்றங்கால் விட்டால் போதும். நடுவில் மூன்று மாதம் முழுசாகக் கிடைக்கிறது. ஷெங்கனின் 90 நாளும் அதுதான். ஐரோப்பாவில் பண்ணைகளுக்குக் கை தேவைப்படுகிற வசந்தமும் கோடைத் தொடக்கமும் அதுதான். குறுவையை விடுவது நஷ்டம்தான். அதைப் பயணச் செலவில் சேர்த்து எழுதுங்கள், மாமனார் முன்னால் உட்கார்ந்து எழுதுங்கள்.

இந்த வருடம் வேண்டாம் என்றது எதற்காக? நாலரை ஏக்கர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டும் நீங்கள் சேற்றில் இறங்கிய மாதிரி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இந்தச் சம்பாவில் சனி ஞாயிறு முழுக்க வயலுக்குப் போங்கள். முதல் நாள் களை எடுத்துவிட்டு வந்து ராத்திரி கைவிரலை மடக்கிப் பாருங்கள், மடங்காது. நகக்கண்ணில் சேறு கறுப்பாக நிற்கும். ஐந்தாறு வாரத்தில் அது பழகும், ஆள்பற்றாக்குறை என்று மாமனார் சொல்வதும் உங்கள் இடுப்புக்கே தெரியும். முடிந்தால் இருவரும் கரூர் மாவட்டம் கடவூரில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உருவாக்கிய வானகம் பண்ணையில் ஒரு பயிற்சிக்குப் போங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கம், நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களை மீட்ட ஊர், இருக்கிறது. வெளிநாட்டுப் பண்ணைக்காரர் "உங்கள் ஊரில் என்ன நெல்" என்று கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்க வேண்டும். விதையை மட்டும் பையில் கொண்டுபோய்விடாதீர்கள், நோய், பூச்சி இல்லை என்ற தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அங்கே விட மாட்டார்கள்.

12 வருடம் மிதிக்காததைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுத்தறிவு சொல்லித் தந்த அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். என் பெரியம்மா அதில் ஒருத்தி, அப்போது 40 தாண்டியவர். மாலையில் பள்ளிக்கூட மைதானத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விழுந்து விழுந்து எழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மாதத்தில் சந்தைக்கு அதில்தான் போனார்.

சமதளத்தில் மட்டும் ஓட்டிப் பழகினால் போதாது. ஆடிக்காற்றில் கிழக்கிலிருந்து மேற்கே பார்த்து மிதியுங்கள், எதிர்காற்று என்றால் என்ன என்று தெரிந்துவிடும். மன்னார்குடியிலிருந்து கோடியக்கரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பின் கேரியரில் இரண்டு பக்கமும் பை தொங்க, 15 கிலோ ஏற்றிக்கொண்டு ஒரே நாளில் போய், மறுநாள் திரும்புங்கள். மேடு பழகக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, கியர் எதற்கு என்று அங்கே புரியும். பஞ்சர் ஒட்டுவதை இருவரும் கற்க வேண்டும், அவர் மட்டும் அல்ல. விமானத்தில் ஏற்ற அட்டைப் பெட்டியில் கட்டும்போது பெடலைக் கழற்ற வேண்டும். இடது பெடலின் மரை எதிர்ப்புறம் திரும்பும், தெரியாமல் முறுக்கினால் இறுகிக்கொள்ளும். இத்தாலியில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். மெயின் ரோட்டில் அது மறக்காது. காலையில் ஆளில்லாத பண்ணைச் சந்திலிருந்து வெளியே வரும்போதுதான் மறக்கும்.

பண்ணையை எழுதிக் கேட்கும்போது மூன்று விஷயத்தைக் கூச்சப்படாமல் கேளுங்கள். தம்பதிக்குத் தனி அறை உண்டா, கழிவறை வீட்டுக்குள்ளேயா, சைவம் சாப்பிடுபவரானால் அது முடியுமா. மாதவிலக்கு நாட்களில் வேலையைக் குறைத்துக்கொள்வதையும் முதலிலேயே பேசிவிடலாம். குழந்தை எப்போது என்று வீட்டில் கேட்பார்கள், நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். "90 நாள் கழித்துப் பேசலாம்" என்று இருவரும் ஒரே வார்த்தையைச் சொல்லுங்கள்.

சாலையில் தம்பதிகளுக்குள் சண்டை பெரும்பாலும் வேகத்தில்தான் வரும். பலமானவர் முன்னால் போய் மரத்தடியில் காத்திருப்பார். பின்னால் வருகிறவர் வந்து சேர்ந்ததும் அவர் கிளம்பிவிடுவார். இவருக்கு ஓய்வே இல்லை. நாங்கள் இரண்டு வாரம் இப்படி ஓட்டிப் பேச்சு நின்றுபோன பிறகுதான் மாற்றிக்கொண்டோம்.

மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் பள்ளியில் கொடுத்த சைக்கிள் இன்னும் கிடந்தால் டியூபை மாற்றி எடுங்கள். வரும் ஞாயிறு காலை இருவரும் வடுவூர் ஏரி வரை போய்த் திரும்புங்கள். முன்னால் நீங்கள் போங்கள், அவர் பின்னால் வரட்டும்.